அச்சடித்த ஏரி, பூஞ்சை பிடித்த ஏரி

கேள்வி: ஓய்வுக்காலப் பணத்தில் ஆசைப்பட்டு, ‘கையால் வரைந்த கொடைக்கானல் பேரிஜம் ஏரி, ஒரிஜினல் வாட்டர்கலர்’ என்று போட்டிருந்ததை ஆன்லைன் தளம் ஒன்றில் 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது பிரிண்ட் என்கிறாள் ஓவியம் படிக்கும் பேத்தி. விற்றவரோ கலைப்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார். (ஆசிரியை, கரூர்)

பதில்: பேத்தி சொல்வது சரியா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அம்மா. பிரிண்ட் என்றால் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரியும். தூரிகை வேலை என்றால் தாளின் குழிகளில் நிறம் தங்கியிருக்கும், காய்ந்த பூச்சின் ஓரம் கொஞ்சம் அடர்ந்திருக்கும், சில இடங்களில் அடியில் பென்சில் கோடுகூடத் தெரியும்.

பிரிண்ட்தான் என்றால் விடாதீர்கள். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லாவிட்டால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று விற்றவர் எழுதி வைத்தால் சட்டம் மாறிவிடாது. முதலில் அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கு அது இருக்காது. அப்புறம் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். அதிலும் முடியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

வெட்கப்படாதீர்கள். ஊட்டியில் 1,800 ரூபாய்க்கு நானும் ஒரு ‘ஒரிஜினல்’ காட்டு ஏரி வாங்கினேன். ஓவியர் கைதவறிச் சொட்டிய நீலத் துளி ஒன்று மூலையில் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, கையால் வரைந்ததற்கு இதுதான் சாட்சி என்று பெருமை பேசினேன். ஆறு மாதம் கழித்துப் பல் டாக்டரின் வரவேற்பறையில் அதே ஏரி தொங்கியது. அதே துளியுடன்.

கேள்வி: பேரிஜம் ஏரி என்று சொல்லி விற்ற படத்தில் பின்னணியில் பனி மூடிய சிகரங்கள் இருக்கின்றன. இது மோசடியா? (மதுரை)

பதில்: கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் பனிச் சிகரமா? வாங்கும்போது நீங்கள் படத்தைப் பார்க்கவே இல்லையா?

கேள்வி: நல்ல ஓவியரிடம் நேரில் வாங்கிய ஏரிப் படம். இரண்டே மழைக்காலத்தில் வானமெல்லாம் பழுப்புப் புள்ளி. மட்டமான கலரைத் தந்து ஏமாற்றிவிட்டாரா? (நாகர்கோவில்)

பதில்: ஓவியரைத் திட்டுவதற்கு முன் ஃப்ரேமைப் பிரித்துப் பாருங்கள். படத்தின் முதுகு முழுக்கப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டி, கண்ணாடியை நேராக மேலே அழுத்தியிருப்பார்கள். பந்தயம் கட்டவும் தயார்! நம் ஊர் ஃப்ரேம் கடைகள் பலவற்றில் கல்யாண போட்டோவுக்கும் வாட்டர்கலருக்கும் ஒரே வைத்தியம்தான். ஈரக்காற்று கண்ணாடிக்குள் வியர்க்கும், அந்த நீர் தாளில் இறங்கும், பூஞ்சை பிடிக்கும். மட்டமான அட்டையின் அமிலம் தாளை மஞ்சளாக்கும். ஒட்டியதை உரிக்கப் போனால் ஏரியும் கூடவே கிழியும்.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: அமிலமற்ற மவுண்ட் போர்டு (படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே வரும் அட்டை) வேண்டும், கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, படத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு தாள்பட்டைகளால் தொங்கவிட வேண்டும், செல்லோடேப் கூடவே கூடாது. ‘அதெல்லாம் வேண்டாம் சார், நாங்க முப்பது வருஷமா செய்யறோம்’ என்பார். வேறு கடைக்குப் போங்கள். மாட்டும்போது மழைச்சாரல் அடிக்கும் சுவரும் வேண்டாம், வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்த ஓவியத்துக்கு முழுத் தொகை 15,000 ரூபாயும் யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்கவில்லை. மூன்று மாதமாகிறது, அந்தக் கணக்கையே காணோம். (கோவை)

பதில்: மூன்று மாதம் எதற்குக் காத்திருந்தீர்கள்? சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அன்றைக்கே போன் செய்திருந்தால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு இருந்தது. இன்றைக்காவது செய்யுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள்.

கேள்வி: வாங்கிய ஏரிப் படத்தைப் புதுமனைப் புகுவிழா அழைப்பிதழில் அச்சிடலாமா? (தஞ்சாவூர்)

பதில்: வரைந்து வைத்திருந்ததை வாங்கியிருந்தால் தாள்தான் உங்களுடையது, காப்புரிமை ஓவியருடையது. ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார். நீங்கள் காசு கொடுத்து வரையச் சொன்னது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை காப்புரிமை உங்களுக்கே.

கேள்வி: 300 ஜிஎஸ்எம் காட்டன் தாளில் வரைய ஓவியர் 1,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். வெறும் தாளுக்கா? (சேலம்)

பதில்: கொடுங்கள். ஜிஎஸ்எம் என்பது தாளின் எடைக் கணக்கு, 300 என்றால் நல்ல தடிமன். ஈரத் தாளில் ஈர நிறத்தை ஓடவிட்டு ஏரியின் பிரதிபலிப்பைக் கொண்டுவர வேண்டும். மெல்லிய தாள் அந்த ஈரத்தில் அப்பளமாக நெளிந்துவிடும்.