எல்லாமே ஏ4 தானா?

கேள்வி: பேப்பர் சைஸும் ஏ4, ஆடி காரும் ஏ4. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா சார்?

பதில்: ஒரு சம்பந்தமும் இல்லீங்க. அவங்கவங்க வரிசைக்கு ஒரு எழுத்து, ஒரு நம்பர்னு வச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான். பேப்பர்ல ஏ0-வ நாலு தடவை பாதியா மடிச்சா வர்றது ஏ4, 210க்கு 297 மில்லிமீட்டர். எனக்கு ரொம்ப பிடிச்ச ஏ4 எதுன்னா பிரிட்டன் ரயில் இன்ஜின்தான், அந்த வகையில மல்லார்ட்னு ஒண்ணு 1938ல மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்துல ஓடி நீராவி இன்ஜின்ல உலக சாதனையே பண்ணிடுச்சு, நினைச்சாலே சிலிர்க்குது! இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மனி ஏவின வி-2 ராக்கெட்டுக்கும் அசல் பேரு ஏ4, அங்க ஏ-ன்னா அக்ரிகேட், அதாவது ஜெர்மன் மொழியில இயந்திரத் தொகுப்பு. 2010ல வந்த முதல் ஐபேட் சிப்பும் ஏ4. துருப்பிடிக்காத போல்ட் தலையில ஏ4னு இருந்தா அது ஸ்டீலோட தரம், கடல் பக்கம் போடுறதுக்கு அதைத்தான் தேடி வாங்கணும்.