மழை பத்து குறைந்தால் ஆறு ஏன் முப்பது குறைகிறது? காவிரி பற்றிய கேள்வி பதில்

நீரியல் பொறியாளனாகக் காவிரிப் படுகையில் நீர்வரத்துக் கணக்கு பார்த்தவன் நான். மழைக் குறைவு எப்படி ஆற்றுக் குறைவாக மாறுகிறது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்த மாநிலம் யாரை ஏமாற்றியது என்ற கேள்விகளைத் தொடவில்லை, மன்னிக்கவும்.

முருகேசன், குளித்தலை: ஐயா, குடகில் மழை கொஞ்சம்தான் குறைவு என்கிறார்கள். ஆற்றில் பார்த்தால் பாதித் தண்ணீர்கூட இல்லை. மேலே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பிடித்து வைப்பதும் உண்டு. ஆனால் அணையே இல்லாத ஆற்றிலும் இப்படித்தான் நடக்கும். விழும் மழையில் முதல் பங்கு மண்ணுக்கும் செடிகொடிகளுக்கும் போகிறது. மிஞ்சுவதுதான் ஆறு. சம்பளம் பத்து சதவீதம் குறைந்தால் வாடகையும் அரிசிச் செலவும் குறைவதில்லை, கையில் மிஞ்சுவதுதான் அடிவாங்குகிறது, இல்லையா? அதே கணக்கு.

ஒரு பேச்சுக்கு, ஓர் இடத்தில் ஆண்டுக்கு 1000 மி.மீ. மழை. அதில் 700 ஆவியாகவும் செடிகள் வழியாகவும் திரும்ப வானத்துக்கே போகிறது. 300 ஆற்றுக்கு. மழை 900 ஆனால் மண்ணும் செடியும் 680 எடுத்துக்கொள்ளும், ஆற்றுக்கு 220தான். மழையில் பத்து சதவீதம் போனால் ஆற்றில் கால் பங்குக்கு மேல் போகிறது. வறண்ட பகுதிகளில் இந்தப் பெருக்கம் இன்னும் மோசம். குடகு மாதிரி கொட்டித் தீர்க்கும் இடத்தில் சற்றுக் குறைவு.

பெயர் வேண்டாம் என்றவர்: இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் எங்காவது நடந்திருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். அங்கே 1970களின் நடுவிலிருந்து மழை ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் குறைந்தது. அதற்கு முன் நகரத்தின் அணைகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 338 பில்லியன் லிட்டர் வந்துகொண்டிருந்தது. நம் கணக்கில் சுமார் 12 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). 2001-க்குப் பிறகு சராசரி 4 டிஎம்சியைக்கூடத் தொடவில்லை. மழையில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையவில்லை, ஆற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. 2006-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்க வேண்டியதாயிற்று.

அங்கே இன்னொன்றும் நடந்தது. மழை குறையக் குறைய நிலத்தடி நீர்மட்டம் ஓடைகளின் அடியைவிடக் கீழே இறங்கியது. அதற்கு முன் நிலத்தடி நீர் ஓடைக்குக் கசிந்துகொண்டிருந்தது. அதன் பிறகு ஓடையில் வரும் தண்ணீரை நிலம் இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் அதே அளவு மழை பெய்தாலும் பழைய வரத்து கிடைக்காது.

கவிதா, மன்னார்குடி: 2024-ல் ஜூலை மாதம் ஒன்றிலேயே மேட்டூர் நிரம்பிவிட்டதே சார். வறட்சி அத்தோடு தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அணைக்கு வறட்சி தீர்ந்தது. நிலத்துக்கும் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி.

அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூர் நீர்மட்டம் 40 அடி அளவில் இருந்தது. ஜூலை 30 அன்று 120 அடியைத் தொட்டது. அதே நாள் அதிகாலையில்தான் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. அந்த இடம் மேற்கே பாயும் சாலியாற்றின் பக்கம், காவிரியின் துணையாறான கபினிக்கு வராது. ஆனால் மழை ஒன்றுதான். மலையையே சரிக்கும் வேகத்தில் பெய்வது மண்ணுக்குள் இறங்க நேரம் கொடுக்காது. ஓடி வந்து அணையை நிரப்பும், மீதி உபரியாகப் போகும். மார்ச், ஏப்ரலில் ஆற்றில் ஓடுவது மெல்லப் பெய்து, ஊறி, ஊற்றாகக் கசிகிற தண்ணீர். அது நிரம்ப மாதங்கள் ஆகும், சில இடங்களில் ஆண்டுகள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சி. அது முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்தும் மூன்றில் ஒரு பங்கு நீர்பிடிப்புப் பகுதிகளில் ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. மழை திரும்பியது, ஆறு திரும்பவில்லை.

அருண், கோவை: பருவநிலை மாற்றத்தால் மழை குறையும் என்கிறார்கள், கூடும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டுகிறது, நடுவே இடைவெளி விழுகிறது. இந்தியாவின் பருவமழை மொத்தத்தில் கூடலாம் என்றுதான் பெரும்பாலான கணினி மாதிரிகள் சொல்கின்றன. ஆனால் ஆற்றுக்கு மொத்தம் மட்டும் முக்கியம் இல்லை, எந்த மாதத்தில் என்பதும் முக்கியம். 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் மழை 36 சதவீதம் குறைவு. 1901-க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. காவிரியில் மாநில எல்லையில் தண்ணீர் அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டிய மாதாந்தர அளவில் மிகப் பெரியது ஆகஸ்டுக்கு உரியதுதான், 45.95 டிஎம்சி. அடி விழுந்தது சரியாக அங்கே.

அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்து தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. ஆண்டு முடிவில் மாநிலச் சராசரியைப் போட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். சராசரியை நம்பி ஆற்றைப் பேசுவது எனக்குப் பிடிக்காத வேலை.

ஜெயந்தி, ஈரோடு: அப்படியானால் மலையெல்லாம் மரம் நட்டால் ஆறு ஓடும்தானே?

இதைச் சொன்னால் திட்டு விழும், ஆனாலும் சொல்கிறேன். மரம் தண்ணீர் குடிக்கும். எந்த மரம், எங்கே, எவ்வளவு என்று பார்க்காமல் நட்டால் ஆறு மெலியும். சோலைக்காடும் அதைச் சுற்றிய புல்வெளியும் மழையை வாங்கி மெல்ல விடும். அதை அழித்துத் தைல மரமோ சவுக்கோ நட்டுப் பச்சையாகிவிட்டது என்று கைதட்டினால் பயனில்லை.

பெங்களூருக்கு மேற்கே காவிரியின் துணையாறு அர்க்காவதி. அதன் குறுக்கே திப்பகொண்டனஹள்ளியில் 1930களில் அணை கட்டி நகரத்துக்குக் குடிநீர் எடுத்தார்கள். பிற்காலத்தில் வரத்து படுத்துவிட்டது. மழை குறைந்ததுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் மழையோ வெப்பமோ முக்கியக் காரணம் இல்லை என்றார்கள். போர்வெல்கள் நிலத்தடி நீரை இறக்கியதும் தைல மரத் தோப்புகள் பெருகியதும்தான் பெரிய காரணமாகத் தெரிந்தன. ஓடைக்கு ஓடை தடுப்பணை கட்டியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே ஆறு வற்றினால் உடனே வானத்தைக் கைகாட்டக் கூடாது. மழை பத்து குறைந்ததை முப்பதாக்குவதிலும் நாற்பதாக்குவதிலும் நம் கை இருக்கிறது.

ஒரு கல்லூரி மாணவர், மதுரை: தெர்மாகோல் போட்டு மூடினால் நீர் ஆவியாவது குறையுமா? சும்மா கேட்கிறேன்.

சும்மா கேட்கவில்லை என்று தெரிகிறது. 2017 ஏப்ரலில் வைகை அணையில் போட்ட அட்டைகளைக் காற்று உடனே கரைக்குத் தள்ளிவிட்டது. சிரித்தாயிற்று. ஆனால் ஆவியாதல் சிரிக்கிற விஷயம் இல்லை. வெயில் கூடக் கூட அணைப் பரப்பிலிருந்து மட்டும் அல்ல, வயல், காடு, ஈர மண் எல்லாவற்றிலிருந்தும் காற்று கூடுதலாக உறிஞ்சும். மழை குறையாமலே ஆறு குறைவதற்கு இது ஒரு வழி.

அந்தோணி, அம்பாசமுத்திரம்: எங்கள் தாமிரபரணி மட்டும் எப்படித் தாக்குப் பிடிக்கிறது?

அது பிறக்கும் பொதிகை மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்கும் கிடைக்கிறது. ஒன்று பொய்த்தால் மற்றது கைகொடுக்கும். மேலே காடும் ஓரளவு மிச்சம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தபோது அங்கேயும் நிலைமை இறுகியது. வற்றாத ஆறு என்ற பெயரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

வேலு, திருத்துறைப்பூண்டி: நான் கடைமடை விவசாயி. ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பிக் குறுவை போடலாமா? எதைப் பார்த்து முடிவு எடுப்பது அண்ணே?

திறந்த அன்று மேட்டூரில் எத்தனை அடி என்பதை மட்டும் பார்க்காதீர்கள். 2023 ஜூன் 12 அன்று 103 அடி, கிட்டத்தட்ட 70 டிஎம்சி இருந்தது. விநாடிக்கு 12,000 கனஅடி திறந்தால் நாளுக்கு ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் போகும். வரத்து இல்லையென்றால் எத்தனை நாள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு குறுவை கடைசியில் எப்படித் தவித்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் கடைசிவரை வயநாட்டு மழையையும் கபினி அணையையும் கவனியுங்கள். கபினி 19.5 டிஎம்சிதான் கொள்ளும், சீக்கிரம் நிரம்பும், முதல் உபரி அங்கிருந்துதான் வரும். ஜூலை முதல் வாரம் தாண்டியும் கபினி நிரம்பவில்லை, 49 டிஎம்சி கொள்ளும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் பாதிக்குக் கீழே என்றால், என் நிலமாக இருந்தால் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பேன். பக்கத்தில் போர்வெல் வைத்திருப்பவர் போடுகிறார் என்பதற்காக நீங்களும் இறங்க வேண்டாம்.