இழவு வீட்டில் எதைச் சொல்வது?

வணக்கம் ஐயா, இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஹட்டனில் டியூஷன் வகுப்பில் வாராவாரம் ஆங்கில மரபுத்தொடர்களைப் பாடமாக்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் இன்டர்வியூ. இவற்றைக் கலந்து பேசினால் எடுபடுமா? நல்ல புத்தகம் எது? தேயிலைக்காரர்களான நமக்கு ‘நாட் மை கப் ஆஃப் டீ’ (எனக்குப் பிடித்தமானதல்ல) என்பது வேடிக்கையாக இல்லையா? இங்கிலீஷ் வரட்டும் என்று தமிழ் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அன்புள்ள தம்பி,

புத்தகம் எதுவானாலும் ஒன்றுதான். தேயிலை வேடிக்கையை நம் பக்கத்தில் சொல்லாத ஆளில்லை, விடுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்ததும்தான் எழுதத் தோன்றியது. ‘கிக் த பக்கெட்’டுக்கு நேரே ‘இறத்தல்’. ‘பாஸ் அவே’க்கு நேரேயும் ‘இறத்தல்’. முதலாவது ‘மண்டையைப் போட்டுட்டான்’, மற்றது ‘தவறிட்டார்’. இழவு வீட்டில் போய் “ஒங்கப்பா எப்ப மண்டையப் போட்டாரு?” என்று கேட்பீர்களா? உதை விழும். அந்த உதையை எந்தப் பட்டியலும் போடுவதில்லை. ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் வெகு சுலபம். கூட்டாளியிடம் தாராளமாகச் சொல்லுங்கள். “இந்த வேலை கஷ்டமாயிருக்குமே?” என்று கேட்கும் அதிகாரியிடம் சொன்னால் திமிர் பிடித்தவன் என்பார்.

யாரிடம், எந்த நேரத்தில் என்ற பிடி சொந்த மொழியில் வரவேண்டும். தமிழ் வாசிப்பதை நிறுத்தினாராம்! யார் கொடுத்த புத்தி இது? மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று நாடாளுமன்றமும் போனார். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் அதே ஆள்தான்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பெரியப்பா இருந்தார். தோட்டத்துக்கே பெட்டிசம் (மனு) எழுதுபவர். ட்ரங்குப் பெட்டிமேல் தாளை வைத்து, விளக்கைக் கிட்டே இழுத்துக்கொள்வார். “பெரிய இங்கிலீசாப் போடுங்க” என்று யாராவது சொன்னால் ஏச்சுதான். “தொரை ஒன்னைய மெச்சவா கடுதாசி? காம்பராவுக்குத் தகரம் வரணும்ல?” ‘ரூஃப் இஸ் லீக்கிங். சில்ட்ரன் கெனாட் ஸ்லீப்.’ அவ்வளவுதான் எழுதுவார். பிந்தினாலும் தகரம் வந்துவிடும்.

இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று கட்டாயம் எழுதுங்கள், தமிழிலேயே. இந்தப் பதிலை டியூஷன் வாத்தியாரிடம் மட்டும் காட்டவேண்டாம்.