வெளிக்கோள்களின் சேர்க்கையும் உலக மாற்றங்களும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2026 பிப்ரவரி 20ஆம் தேதிக்குரிய சனி–நெப்டியூன் சேர்க்கை உலக அரசியலையே புரட்டிப்போடும் என்று ஒரு ஜோதிடர் எழுதியிருந்தார். 1917இல் ரஷ்யப் புரட்சி, 1953இல் ஸ்டாலின் மரணம், 1989இல் பெர்லின் சுவரின் வீழ்ச்சி ஆகிய மூன்றும் இதே சேர்க்கையின்போது நடந்தவை என்கிறார். இதை ஏற்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வானியல் கணக்கு சரியானதே. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகளும், நெப்டியூன் ஏறத்தாழ 165 ஆண்டுகளும் ஆவதால், வேகமாகச் செல்லும் சனி சுமார் 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை நெப்டியூனை எட்டிப்பிடிக்கிறது. 1989இல் வக்கிர கதியின் (கோள் பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றுவதன்) காரணமாக இரண்டும் மூன்று முறை ஒரே பாகைக்கு வந்தன. மூன்றாவது முறை வந்தது நவம்பர் 13 அன்று. பெர்லின் சுவர் திறக்கப்பட்டது நவம்பர் 9 அன்று. இந்த நெருக்கம் யாரையும் ஒரு கணம் யோசிக்க வைக்கும்.

இந்தச் சுழற்சியைக் கம்யூனிச இயக்கத்தோடு பொருத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஆந்த்ரே பார்போ (1921–2019) என்ற பிரெஞ்சு ஜோதிடர். அவர் 1950களிலேயே, அதாவது சோவியத் ஒன்றியம் வலுவோடு இருந்த காலத்திலேயே, 1989 அந்த இயக்கத்துக்கு ஒரு திருப்புமுனையாக இருக்கும் என்று குறித்துவைத்தார். நடந்து முடிந்தபின் கட்டம் போட்டுக் காட்டுவோர் மலிந்த துறையில், ஆண்டைச் சொல்லி முன்கூட்டியே எழுதிய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் விதி என்று ஒன்றைச் சொன்னால், அது பொருந்தாத இடங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். சீனாவில் மக்கள் குடியரசு அமைந்தது 1949இல். கியூபப் புரட்சி வென்றது 1959இல். சோவியத் ஒன்றியம் கலைந்தது 1991 டிசம்பரில். கம்யூனிச வரலாற்றின் இந்த மூன்று பெரிய நிகழ்வுகளும் சேர்க்கை நிகழ்ந்த ஆண்டுகளில் வரவில்லை. 1846ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு 1848இல் வெளியான கம்யூனிஸ்ட் அறிக்கையையும், 1882ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்த மார்க்ஸின் மரணத்தையும் சான்றாகக் காட்ட முடியும் என்பது உண்மை. இருந்தாலும் பிறப்பு, இறப்பு, வெற்றி, வீழ்ச்சி என எது நடந்தாலும் கணக்கில் சேரும் என்றும், ஓரிரு ஆண்டுகள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்றும் வைத்துக்கொண்டால், எந்த 36 ஆண்டுச் சுழற்சிக்கும் ஏதேனும் ஒரு நிகழ்வு அகப்பட்டே தீரும்.

பார்போ மற்றொரு கணக்கையும் பயன்படுத்தினார். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ ஆகிய ஐந்தையும் இரண்டிரண்டாக எடுத்தால் 10 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும் இடையிலுள்ள பாகைகளைக் கூட்டி ஆண்டுதோறும் ஒரு கோடாக வரைந்தால், கோள்கள் வானத்தின் ஒரு பக்கமாகக் குவியும் காலத்தில் அந்தக் கோடு சரியும். அந்தச் சரிவே உலக நெருக்கடியின் அடையாளம் என்பது அவருடைய கொள்கை. 1914ஐ ஒட்டியும் 1940ஐ ஒட்டியும் கோடு சரிந்ததைப் பார்த்து, அதைவிட ஆழமாகச் சரியும் 1982–83ஐ ஒட்டி மூன்றாம் உலகப் போர் மூளக்கூடும் என்று அவர் அஞ்சினார். அந்தப் போர் வரவில்லை. 1989ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 1983ஐ மறந்துவிடுவது நியாயமாகாது.

கேள்வி: கொரோனா பரவலுக்குச் சனி–புளூட்டோ சேர்க்கைதான் காரணம் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: 2020 ஜனவரி 12 அன்று அந்தச் சேர்க்கை துல்லியமாக நிகழ்ந்தது. முந்தைய பதிலில் சொன்ன கோடு மீண்டும் தாழ்நிலைக்கு வரும் 2020–21ஐ ஒட்டிப் புதிய பெருந்தொற்று வரலாம் என்று, மேலே சொன்ன பார்போ சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்போது அதே சேர்க்கையைப் பின்னோக்கிப் பாருங்கள். இதற்கு முன் அது நிகழ்ந்தது 1914, 1947, 1982 ஆகிய ஆண்டுகளில். கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட விஷக்காய்ச்சல் 1918இல் பரவியது. ஆசியக் காய்ச்சல் 1957இல், ஹாங்காங் காய்ச்சல் 1968இல். சனி–புளூட்டோ சேர்க்கை பெருந்தொற்றைக் கொண்டுவருவதாக இருந்தால், கடந்த நூற்றாண்டின் இந்த மூன்றும் அதற்கு வெளியே நிற்பானேன்? 1947 ஆகஸ்டில் சேர்க்கை நிகழ்ந்த சில நாட்களில் இந்தியா விடுதலை பெற்றது, பிரிவினையின் கொடுமைகளும் தொடர்ந்தன. உடனே இந்தச் சேர்க்கைக்குப் “பிரிவினை” என்ற பொருளும் வந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்ட 1781, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் இடைப்பட்டது. ஆகவே அது கலகத்தின் கோளாயிற்று. 1930இல் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோ, அணு ஆயுதத்தின் காலத்தோடு இணைக்கப்பட்டு அழிவின் கோளாயிற்று. வரலாற்றிலிருந்து எடுத்த பொருளைக் கோளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதே கோளைக் கொண்டு வரலாற்றை விளக்குவது எப்படிச் சான்றாகும்? மேலும், நெப்டியூனும் புளூட்டோவும் சேர்வது ஏறத்தாழ 492 ஆண்டுகளுக்கு ஒருமுறை. நெப்டியூன் அறியப்பட்ட 1846க்குப் பிறகு அது 1891–92இல் மட்டுமே நிகழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு நிகழ்விலிருந்து விதி வகுக்க எந்தச் சாத்திரத்திலும் இடமில்லை.

கேள்வி: மேற்கத்திய முறை தவறலாம். நம்முடைய நவகிரக முறை உலக நடப்பைச் சரியாகக் காட்டும் அல்லவா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் ஒரு வேறுபாடு. மேற்கத்தியர் பின்பற்றுவது, மேஷத்தின் தொடக்கத்தைச் சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணும் சாயன முறை; நாம் பின்பற்றுவது, நிலையான விண்மீன்களை வைத்து எண்ணும் நிராயன முறை. இரண்டுக்கும் இடையிலுள்ள அயனாம்சம் இன்று சுமார் 24 பாகை. அதனால் 2020 ஜனவரிச் சேர்க்கை அவர்களுக்கு மகரத்தில், நமக்குத் தனுசுவின் கடைசியில், உத்திராடத்தில் நிகழ்ந்தது. 2026ஆம் ஆண்டின் சனி–நெப்டியூன் சேர்க்கை அவர்களுக்கு மேஷத்தின் முதல் பாகையில் அமைவதால்தான் “புதுயுகத் தொடக்கம்” என்கிறார்கள். நமக்கோ அது மீனத்தில், உத்திரட்டாதியில். ஒரே நாளில் ஒரே வானத்தைப் பார்த்து இரண்டு ராசிக்குரிய பலன்களையும் சொல்லிவிட்டு, இரண்டும் பலித்தன என்று கூறுவது பொருந்தாது.

நம் முறைக்கு வந்த பெரிய சோதனை 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரையிலான அஷ்டகிரகச் சேர்க்கை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது ஆகிய எட்டும் மகரத்தில் கூடின. தை அமாவாசையை ஒட்டிச் சூரிய கிரகணமும் சேர்ந்துகொண்டது. உலகம் அழியப்போகிறது என்ற அச்சம் நாடெங்கும் பரவி, ஊர் ஊராக யாகங்களும் கூட்டுப் பிரார்த்தனைகளும் நடந்தன. அந்த மூன்று நாட்களும் மற்ற நாட்களைப் போலவே கழிந்தன. எட்டு மாதங்கள் கழித்து அக்டோபரில் மூண்ட சீனப் போரை அதன் பலன் என்று பின்னர் சொன்னார்கள். ஆனால் பிப்ரவரியில் மக்களிடம் சொல்லப்பட்டது அதுவன்று. அச்சத்தில் கடன்பட்டும் கைப்பொருள் இழந்தும் பரிகாரம் தேடும் எளியவர்களை நினைத்தால், இந்த வகைப் பலன்களைத் தேதி வைத்து அறிவிப்போர் மீது எனக்குக் கோபமே வருகிறது.

கேள்வி: தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கும் கோள்களின் சேர்க்கைக்கும் தொடர்பு உண்டா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: உண்டு, அது பலன் சார்ந்ததன்று, கணக்கு சார்ந்தது. குரு ஐந்து சுற்று வருவதற்குள் சனி ஏறத்தாழ இரண்டு சுற்று வந்துவிடும். அதற்கு ஆகும் காலம் 60 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சுமார் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்வதால், மூன்றாவது சேர்க்கை சில பாகைகள் மட்டும் நகர்ந்து பழைய இடத்துக்கு அருகிலேயே அமையும். நிராயனக் கணக்குப்படி 1961இல் மகரம், 1981இல் கன்னி, 2000இல் மேஷம், மீண்டும் 2020இல் மகரம் எனச் சேர்க்கைகள் வந்தன. 2020 டிசம்பர் 21 அன்று மாலை மேற்கு வானில் இரண்டும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில் தெரிந்தன. 1623க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் அமையவில்லை. 1961 பிப்ரவரியும் 2020 டிசம்பரும் எந்தத் தமிழ் ஆண்டில் வருகின்றன என்று பழைய பஞ்சாங்கங்களை எடுத்துப் பாருங்கள். இரண்டுமே சார்வரி ஆண்டுதான்.