நானோ அறிவியலைப் புதிதாகப் படிப்பவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் "1 முதல் 100 நானோமீட்டர் வரை" (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்ற வரையறையை எழுதிப் போட்டுவிட்டு நேராகக் கருவிகளின் பட்டியலுக்குப் போயிருப்பார்கள், அந்தக் கடுப்பில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மேற்பரப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 6000 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கர் வரும். எடை அதேதான். வினை நடப்பது மேற்பரப்பில்தான் என்பதால் வினையூக்கி, பேட்டரி எல்லாம் இதிலிருந்தே பிடிபடும்.

அப்புறம் நிறம். காரைக்குடியில் படித்தபோது எனக்குப் பாடம் ஒட்டியது பீக்கரைப் பார்த்துத்தான். வேதியியலாளர் டர்க்கெவிச் 1951-ல் சொன்ன முறை: தங்கம் அடங்கிய குளோரோஆரிக் அமிலத்தை நீர்க்கவைத்துக் கொதிக்கவிட்டு, சிட்ரிக் அமிலத்தின் உப்பான டிரைசோடியம் சிட்ரேட் கரைசலை ஊற்ற வேண்டும். வெளிர்மஞ்சள் போய், நிறமே இல்லாமலாகி, கருநீலமாகக் கலங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதுளைச் சாறு மாதிரி சிவந்தது. அன்று ராத்திரி அப்பத்தாவிடம் தங்கம் சிவப்பாக இருக்கிறது என்றேன். "செம்பு கூடக் கலந்திருப்பாக, உரசிப் பாரு" என்றார். கலப்படமே இல்லை அப்பத்தா! அவ்வளவு சின்னத் துகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அசைந்து, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சையை விழுங்கிவிடுகின்றன, சிவப்பு மிஞ்சுகிறது. உப்புக் கரைசல் கொஞ்சம் விட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும்.

வடிவமும் நிறத்தை மாற்றும், குவாண்டம் புள்ளிகளில் (சில நானோமீட்டர் அளவுள்ள குறைகடத்தித் துகள்கள்) காரணமே வேறு என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். தெரியும், 2023 வேதியியல் நோபல் அந்தப் புள்ளிகளுக்குத்தான். ஆனால் தொடங்குகிறவருக்கு முதலில் அளவு மாறினால் நிறமும் மாறும் என்ற ஒன்று உறைக்கட்டும்.

எங்கள் கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லையே என்று மட்டும் ஒதுங்காதீர்கள். அந்தக் கருவி வந்ததே 1931-ல். ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் தங்கத்தைச் செய்து, அதில் இருப்பது மிக நுண்ணிய தங்கம்தான் என்று சொல்லிவிட்டார். கரைசலுக்குள் ஒளிக்கற்றையை விட்டுப் பாதை தெரிகிறதா என்று பார்த்தார்; தெரிந்தால் உள்ளே ஒளியைச் சிதறடிக்கும் துகள்கள் இருக்கின்றன என்று அர்த்தம். உங்களிடம் லேசர் பேனா இருக்கும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். காரைக்குடி என்றதும் எல்லோரும் கோழி வறுவலையும் ஆயிரம் ஜன்னல் வீட்டையும்தான் விசாரிக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இதே ஊரில்தான் இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.