விடுதலையா, விடுவிப்பா? ஒரே குற்றத்துக்கு இரண்டு வழக்கு பற்றிய கேள்வி பதில்

கிரிமினல் வழக்கு மட்டும் நடத்துகிறவன் நான். பாகப்பிரிவினை, பட்டா எல்லாம் வேறு வக்கீலிடம் கேளுங்கள்.

கே: செக் பவுன்ஸ் வழக்கில் தண்டனையே அனுபவித்துவிட்டேன். அதே செக்குக்கு இப்போது மோசடி வழக்கு. இது இரட்டைத் தண்டனை இல்லையா சார்?

ப: செக் ஒன்று, குற்றம் இரண்டு. செக் பவுன்ஸுக்கான 138-ஆம் பிரிவில் ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பதில்லை. மோசடிக்கான ஐ.பி.சி. (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 420-க்கு அதுதான் உயிர். சங்கீதாபென் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் இரண்டும் நடக்கலாம் என்றது.

கே: கஸ்டம்ஸ் தங்கத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, கோர்ட்டிலும் வழக்குப் போட்டிருக்கிறது.

ப: 1953-இல் மக்பூல் ஹுசைனுக்கும் இதேதான் நடந்தது. கஸ்டம்ஸ் அதிகாரி நீதிமன்றம் அல்ல. வழக்கு நடக்கும்.

கே: இலாகா விசாரணையில் இன்கிரிமென்ட் வெட்டு. கோர்ட்டிலும் நிற்க வேண்டுமா?

ப: மேலே உள்ள பதில்தான்.

கே: மாஜிஸ்திரேட் என்னை விட்டுவிட்டார். மறுபடி சம்மன் வந்திருக்கிறது, ஐயா.

ப: உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இருப்பது ‘விடுதலை’ என்றா, ‘விடுவிப்பு’ என்றா? குற்றச்சாட்டு வனையவே முகாந்திரம் இல்லை என்று அனுப்பியிருந்தால் அது விடுவிப்பு. புது ஆதாரம் கிடைத்தால் திரும்ப இழுக்கலாம். விசாரணை முடிந்து குற்றவாளி அல்ல என்றால்தான் விடுதலை. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 337 (பழைய சட்டத்தில் 300) விளக்கத்திலேயே இது இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: இங்கிலாந்தில் விடுதலையானவரையே மறுபடி விசாரித்தார்களாமே?

ப: நல்ல கேள்வி. 1989-இல் பில்லிங்ஹாமில் ஜூலி ஹாக் காணாமல் போனார். போலீஸ் வீட்டைத் தேடியும் கிடைக்காத உடலை, பின்னர் அம்மா ஆன் மிங்தான் குளியல் தொட்டிக்குப் பின்னால் கண்டார். பில்லி டன்லப் மீது வழக்கு. இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வரவில்லை, 1991-இல் விடுதலை. 1999-இல், வேறு குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர், கொன்றது நான்தான் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் பொய்ச் சாட்சியம் சொன்னதற்குத்தான் தண்டிக்க முடிந்தது: ஆறு ஆண்டு. அந்தத் தாய் விடாமல் போராடினார். 2003-இல் சட்டம் மாறி, 2005-இல் அமலானது. கடும் குற்றம், வலுவான புது ஆதாரம், மேல்முறையீட்டு நீதிமன்ற அனுமதி, ஒரே ஒரு முறை. 2006-இல் டன்லப்புக்கு ஆயுள்.

கே: 2005 சட்டத்தை 1991 விடுதலைக்குப் பொருத்தினால், அது முன்தேதியிட்ட சட்டம் அல்லவா?

ப: கொலை 1989-லும் குற்றம்தான், தண்டனையும் கூடவில்லை. மாறியது நடைமுறை. முன்தேதியிட்ட குற்றச் சட்டத்தைத் தடுக்கும் நம் அரசியலமைப்பின் 20(1)-உம் நடைமுறை மாற்றத்தைத் தடுக்காது. ஷிவ் பகதூர் சிங் வழக்கு, 1953.

கே: ஒப்புக்கொள்ள மாட்டேன். விடுதலை கிடைத்தவன் இனி வழக்கில்லை என்று நம்பி வாழ்கிறான். நம் ஊரில் 20(2) இருப்பதால் அப்படி ஒரு சட்டமே வர முடியாது!

ப: அந்த நம்பிக்கை பற்றிச் சொன்னது நியாயம்தான், எனக்கும் அங்கே நெருடல் உண்டு. ஆனால் 20(2)-ஐ மெதுவாகப் படியுங்கள். வழக்கு நடத்தித் ‘தண்டித்தவரை’ மறுபடி தண்டிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. விடுதலையானவரைக் காப்பது சாதாரணச் சட்டமான 337. அதை நாடாளுமன்றம் திருத்தலாம். உயிர், சுதந்திர உரிமை தரும் அரசியலமைப்பின் 21-ஐக் காட்டி நாம் வாதாடலாம், அவ்வளவுதான்.

கே: அப்படியானால் பெஸ்ட் பேக்கரி வழக்கு?

ப: குஜராத் கலவரக் கொலை வழக்கு அது. மேல்முறையீட்டில் வந்தது. மேல்முறையீடு அதே வழக்கின் தொடர்ச்சி, இரண்டாவது வழக்கு அல்ல. 2003-இல் வதோதராவில் குற்றம்சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலை. சாட்சிகள் மிரட்டப்பட்டார்கள், நடந்தது விசாரணையே அல்ல என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, மும்பை உயர் நீதிமன்றத்தின் கீழுள்ள நீதிமன்றத்தில் மறுவிசாரணை நடத்தச் சொன்னது.

கே: சம்பவம் 2024 ஜூனில், எஃப்.ஐ.ஆர். ஆகஸ்டில். எந்தச் சட்டம்?

ப: புதுச் சட்டங்கள் 2024 ஜூலை 1-இல் அமலாயின. அதனால் குற்றத்துக்குப் பழைய ஐ.பி.சி., நடைமுறைக்கு பி.என்.எஸ்.எஸ். புதுச் சட்டம் தண்டனையைக் குறைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள். ரத்தன் லால் வழக்குத் தீர்ப்பு (1965) உதவும்.

கே: சார், கேஸ் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. திரும்ப வருமா?

ப: கடைசிப் பக்கம்.