விரால் தூண்டிலுக்கு எந்த லூர் வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏரி, குளம், வாய்க்கால் என்று பொழுதுபோக்காக மீன் பிடிக்கப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களும் கூடிவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் தூண்டில் சாமான் பற்றியவையே அதிகம் என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மண்புழு வைத்துத் தக்கைத் தூண்டிலில் கெண்டை, ஜிலேபி பிடித்துப் பழக்கம். இப்போது லூர், அதாவது இரை மாதிரிச் செய்த செயற்கைத் தூண்டில் இரை, போட்டு விரால் பிடிக்க ஆசை. கையில் 4,000 ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் ராடு (தூண்டில் கம்பு), ரீல் (நரம்பு சுற்றும் உருளை), நரம்பு (தூண்டில் இழை), நூற்றுச் சொச்சம் லூர் எல்லாம் ஒரே பெட்டியில் 2,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கிவிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

வேண்டாம் தம்பி. அந்த மாதிரிப் பெட்டிகளில் "நூறு" என்ற கணக்கு எப்படி வருகிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முள், ஸ்னாப், ஸ்விவல், ஈயக்குண்டு, சின்னச் சின்ன ரப்பர் புழு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணியிருப்பார்கள். மிஞ்சுகிற லூர்களில் பெரும்பாலானவை வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் தொங்கும் பிளாஸ்டிக் மீன்கள். திறந்த தண்ணீரில் அவை நல்ல லூர்கள்தான். ஆனால் விரால் குடியிருப்பது அல்லி, ஆகாயத்தாமரை, கோரை மண்டிய இடத்தில். அங்கே வீசினால் முதல் வீச்சிலேயே ஒரு கை பாசியை அள்ளிக்கொண்டு வரும், இரண்டாவது வீச்சில் தாமரைத் தண்டில் மாட்டி அறுந்துபோகும்.

உங்கள் 4,000 ரூபாயில் முதலில் கணக்கு வைக்க வேண்டியது நரம்புக்கு. தக்கைத் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி இங்கே உதவாது. அது இழுத்தால் நீளும். இருபது மீட்டர் தள்ளி விரால் லூரைக் கவ்வும்போது நீங்கள் சுண்டுகிற வேகத்தில் பாதியை நரம்பே தின்றுவிடும், முள் தாடையில் ஏறாது. பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, கிட்டத்தட்ட நீளவே நீளாது. பாசிக்குள் போடுவதற்கு 30 முதல் 50 பவுண்டு வரை தாங்கும் பிரெய்டு வாங்குங்கள். அட்டையில் பவுண்டை மட்டும் பார்க்காமல் தடிமனையும் பாருங்கள். பிஇ என்பது பிரெய்டின் தடிமனைக் குறிக்கும் எண். ஒழுங்கான தயாரிப்பில் பிஇ 3 என்ற எண்ணுக்கு நரம்பு சுமார் 0.28 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 0.16 மில்லிமீட்டர் நரம்பு 60 பவுண்டு தாங்கும் என்று மலிவு அட்டையில் போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். நல்ல நரம்புக்கு 500, 600 ரூபாய் போகட்டும்.

அடுத்து ராடு. ஆறரை முதல் ஏழு அடி, மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பானது), இரண்டு துண்டாகப் பிரிவது. கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் லூர் வீசலாம் என்று அச்சடித்திருப்பார்கள்; தவளை லூருக்கு 10 முதல் 30 கிராம் வரை உள்ளது சரியாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டெலஸ்கோபிக் ராடு பேருந்தில் எடுத்துப்போக வசதிதான். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பலவீனமான இடம், பாசிக்குள்ளிருந்து விராலை வெளியே இழுக்கும் வேலைக்கு ஆகாது.

ரீல் 3000 அல்லது 4000 அளவு போதும். "13 பேரிங், 15 பேரிங்" என்ற எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கடையிலேயே கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள், லொடலொடவென்று ஆடக்கூடாது. டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியேற வேண்டும் என்று வைக்கும் திருகை, பாதி இறுக்கி நரம்பைக் கையால் இழுங்கள், விட்டுவிட்டு வராமல் சீராக வர வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் நாலு பேரிங் ரீலே வருடக்கணக்கில் உழைக்கும்.

மிச்சப் பணத்தில் மூன்று லூர் போதும். பாசி மேல் போட உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை ஒன்று. பாசிக்கு நடுவே திறப்புகளில் போட வாலில் தகடு சுழலும் ஜம்ப் ஃபிராக் ஒன்று. மதகு, வாய்க்கால் முகத்துவாரம் போன்ற திறந்த தண்ணீருக்கு 10 முதல் 15 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) ஒன்று. நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். தவளையைக் கீழேயிருந்து பார்க்கிற மீனுக்குத் தெரிவது அதன் வயிறும் நிழலும்தான். முதுகில் வரைந்திருக்கிற புள்ளியும் கோடும் வாங்குகிறவரின் கண்ணுக்காக.

கேள்வி: 350 ரூபாய் கொடுத்து ரப்பர் தவளை வாங்கினேன். கொஞ்ச நேரம் வீசியதும் உள்ளே தண்ணீர் புகுந்து மூழ்குகிறது. "எல்லாத் தவளையும் அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். உண்மையா? (சேலம் வாசகர்)

அவர் சொல்வது பாதி உண்மை. இந்தத் தவளையின் இரட்டை முள்ளின் தண்டு உடம்புக்குள் நுழைந்து மூக்கு வழியாக வெளியே வருகிறது. அந்த இரண்டு ஓட்டைகளிலும் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை கையில் பிடித்துப் பிழிந்து விட்டால் போதும், அது குறையில்லை. ஆனால் வயிற்று ஒட்டுத் தையல் பிரிந்தோ, காலடியில் ரப்பர் கிழிந்தோ தண்ணீர் புகுந்தால் அது தயாரிப்புக் குறை, மாற்றிக் கேட்கலாம். எங்கே கசிகிறது என்று பார்க்கத் தவளையை ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழியுங்கள். குமிழி வருகிற இடத்தைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இனிமேல் வாங்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தவளையை வைத்து அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதுமே உடம்பு தட்டையாகி இரண்டு முள் முனையும் முதுகுக்கு மேலே எட்டிப்பார்க்க வேண்டும். பலமாக அமுக்கினால்தான் தெரிகிறது என்றால் விரால் கவ்வினாலும் முள் வெளியே வராது. ரப்பர் கடினமான தவளைகள் மலிவு விலையில் நிறைய வருகின்றன. பார்க்க அழகாகவே இருக்கும். அப்புறம் முள் முனையை நகத்தின் மேல் வைத்து மெதுவாக இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர்மை சரி, வழுக்கிக்கொண்டு போனால் வேறு எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் புழு, ரப்பர் மீன்களை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் கொட்டி வைக்காதீர்கள். அவற்றை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் சிலவகைப் பெட்டிகளையும் பக்கத்தில் உள்ள லூர்களையும் உருக்கிவிடும். வந்த கவரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: தவளைக்கு விரால் நன்றாக அடிக்கிறது, ஆனால் மாட்டவே மாட்டேன் என்கிறது. 800, 900 ரூபாய் இறக்குமதி லூர் வாங்கினால் சரியாகிவிடுமா? (மதுரை வாசகர்)

சரியாகாது. விரால் அடிக்கிறது என்றாலே உங்கள் லூர் தன் வேலையைச் செய்துவிட்டது. குறை சுண்டுகிற நேரத்தில் இருக்கிறது.

விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீனில்லை. சிறிது நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கித்தான் ஆக வேண்டும். காலையிலும் மாலையிலும் கரையில் சத்தமில்லாமல் நின்றால் அது வாயைத் திறந்து மூடும் "ளொபக்" சத்தம் கேட்கும், தண்ணீரில் ஒரு வளையம் விரியும். அந்த வளையத்தின் மேலேயே வீசினால் மிரண்டு ஓடிவிடும். நாலைந்து அடி தாண்டி வீசி, இலை மேல் தவளையை இறக்கி, மெதுவாக இழுத்துக்கொண்டு வாருங்கள். ராடு நுனி தண்ணீரைப் பார்த்து இருக்கட்டும். இரண்டு சின்னச் சுண்டல், ஒரு நிறுத்தம். இலை முடிந்து தண்ணீர் தெரிகிற விளிம்பில் தவளை நழுவி விழும்போது முழுசாக நிறுத்துங்கள். அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

தண்ணீர் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டதும் கை தானாக மேலே போகும். அங்கேதான் மீன் தப்புகிறது. தவளை வாய்க்குள் முழுசாகப் போவதற்குள் இழுத்துவிட்டால் அது காற்றில் பறந்து உங்களை நோக்கி வரும். சத்தம் கேட்டதும் ராடைக் கீழே இறக்குங்கள். தொய்வைச் சுற்றி எடுங்கள். நரம்பு நகர்வதையோ கையில் கனத்தையோ உணர்ந்த பிறகு இரண்டு கையாலும் பலமாக ஒரே சுண்டு. விராலின் தாடை எலும்பாலானது, தயங்கிச் சுண்டினால் முள் இறங்காது. மாட்டியதும் அதோடு விளையாட நேரமில்லை, டிராக்கை இறுக்கி வைத்து நேராக வெளியே கொண்டுவர வேண்டும். தலையைப் பாசிக்குள் விட்டுவிட்டால் போச்சு. கழற்றும்போது விரலை வாய்க்குள் விடாதீர்கள், கீழ்த்தாடைப் பற்கள் கூர்மை. மூக்கு நீண்ட குறடு ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலவில்லாத இன்னொரு வழியும் உண்டு. இரண்டு முள்ளையும் குறடால் பிடித்து வெளிப்பக்கமாக ஒரு இழை மட்டும் வளைத்துவிடுங்கள். முனை உடம்போடு ஒட்டி இருப்பதைவிட நன்றாகப் பிடிக்கும். முடிச்சுக்கு பலோமர் போடுங்கள். நரம்பை இரண்டாக மடித்து வளையத்தில் நுழைத்து, சாதாரண முடிச்சாகத் தளர்வாகப் போட்டு, மடிப்புக்குள் தவளையை முழுசாக நுழைத்து, ஈரமாக்கி இறுக்க வேண்டும். பிரெய்டு வழுக்கும் நரம்பு, சாதாரணச் சுற்று முடிச்சு அதில் நழுவிவிடும்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போவதைப் பார்ப்பீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் லூரைப் போட்டால் நிச்சயம் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. பெரிய மீனைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். இதற்கென்றே "குஞ்சு லூர்" என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

கேள்வி: ரோகு, கட்லாவுக்கு நல்ல லூர் எது? (ஈரோடு வாசகர்)

எதுவும் வாங்க வேண்டாம். ரோகு பாசியும் தாவரமும் தின்கிற மீன், கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது. ஓடுகிற இரையை அவை துரத்துவது அபூர்வம். தவிடு, கடலைப் புண்ணாக்கு, மைதா பிசைந்த மாவுதான் அவற்றுக்கு. லூரைத் துரத்துவது விரால், குரவை, வாளை மாதிரி வேட்டை மீன்கள். உங்கள் ஏரி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள், வளர்ப்பு மீன் அவர் முதல் போட்டு விட்டது.

கேள்வி: பத்து வயது மகன் தூண்டில் கேட்கிறான். ராடு, ரீல், லூர் செட் வாங்கித் தரலாமா? (தஞ்சாவூர் வாசகி)

இந்த வயதுக்கு ரீல் வேண்டாம் சகோதரி. ஒரு மூங்கில் கழி, அதன் நீளத்துக்கே தங்கூசி, தக்கை, சின்ன முள், மண்புழு. மொத்தம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஜிலேபியும் கெண்டையும் கிடைக்கும். மும்முனை முள் உள்ள லூர்களைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ஒற்றை முள்ளிலும் முனையை ஒட்டி உள்பக்கமாகப் பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கையில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும். கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளட்டும். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குவது நம் ஊரில் பெரியவர்கள் எல்லோரும் செய்வது. பிள்ளையைச் செய்ய விடவே கூடாது. ஈயம் நஞ்சு, வளர்கிற மூளையைப் பாதிக்கும். குறடால் அமுக்கட்டும், வீடு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய 1,800 ரூபாய் ராடு இரண்டாவது நாளே நுனியில் முறிந்தது. "மீன்பிடிச் சாமான்களுக்கு ரிட்டர்ன் இல்லை" என்கிறார் விற்றவர். என்ன செய்வது? (திருநெல்வேலி வாசகர்)

முதலில் எப்படி முறிந்தது என்பதை நேர்மையாகப் பாருங்கள். மீன் கரைக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாகத் தூக்கினால் பாரம் முழுவதும் நுனியில் விழுந்து எந்த ராடும் முறியும். பாசியில் மாட்டியதை ராடை வளைத்து இழுத்தாலும் அப்படியே. நரம்பைக் கையில் துணி சுற்றிப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். இதெல்லாம் விற்றவர் பொறுப்பில் வராது. ஆனால் சாதாரணமாக வீசும்போது வளையம் கட்டிய இடத்திலேயே முறிந்தது, அல்லது 30 கிராம் என்று போட்ட ராடு 15 கிராமுக்கே உடைந்தது என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020 சொல்வது இது: பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது. "ரிட்டர்ன் இல்லை" என்று அவரே எழுதி வைத்துக்கொண்டாலும் இந்த விதி செல்லாமல் போய்விடாது. நீங்கள் வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பில், அட்டையில் உள்ள அச்சு, முறிந்த இடத்தின் படம், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் நான்கையும் இணையுங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள், புகார் போனதும் மாற்றிவிடுகிறார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் பணம் வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். முறிந்த ராடை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆணையம் கேட்கும்போது காட்ட அது உங்களிடம் இருக்க வேண்டும்.